ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேட்டி எடுக்க அனுப்பலாமா? செய்தி எழுத எப்படிப் பழக்குவது?

வேளிமலை டீச்சர் | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். குமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். இந்த வருஷம் மாதம் ஒரு நாலு பக்கத் தாள் கொண்டுவரலாம் என்று ஹெச்.எம். சம்மதித்துவிட்டார். ஜெராக்ஸ் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.) பார்த்துக்கொள்ளும். கதை, கவிதை, ஓவியத்துக்கு அரசாங்கமே நடத்துகிற தேன்சிட்டு இதழ் இருக்கிறது. நம் தாளில் ஊர்ச் செய்தி மட்டும்தான் என்று வீம்பாக அறிவித்தும் ஆயிற்று. இப்போது முதல் கட்டு வந்து மேசையில் கிடக்கிறது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மனசில்லை. எல்லாரும் போயிருக்கிறார்கள், ஆளைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். ஆனால் எழுதியதைப் பாருங்கள். குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை, பக்கத்து வீட்டில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அக்காவைக் கேட்டு எழுதியது:

"ரப்பர் பால் வெட்டும் தொழில் நம் மாவட்டத்தின் முக்கியத் தொழில்களுள் ஒன்றாகும். இத்தொழிலாளர்கள் அதிகாலையில் எழுந்து கடினமாக உழைக்கின்றனர். இவர்களது வாழ்க்கை பல இன்னல்கள் நிறைந்தது. உழைப்பே உயர்வு தரும் என்பதற்கு இவர்களே சிறந்த எடுத்துக்காட்டு. இவர்களைப் போற்றுவோம்!"

முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் சரியாக இருக்கிறது. இதை எழுத அந்த அக்கா வீட்டு வாசலை மிதித்திருக்கவே வேண்டாம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். கேட்ட கேள்விகள்: தங்கள் பெயர் என்ன, இத்தொழிலில் உள்ள சிரமங்கள் யாவை, இளைஞர்களுக்குத் தாங்கள் கூற விரும்பும் அறிவுரை யாது. பாடப்புத்தக வினாவை அப்படியே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அந்த அக்காவும் பாவம், பரீட்சைக்குப் பதில் சொல்வது மாதிரிச் சொல்லியிருக்கிறார்.

பையன்கள் இன்னொரு ரகம். கூச்சம் என்பதே கிடையாது. ஸ்கேலை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு "வணக்கம் மக்களே, இப்ப நாம எங்க வந்திருக்கோம்னா" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குப் பேசவே இடம் கிடைப்பதில்லை. யூடியூப் செய்த வேலை.

பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள், பள்ளியில் இதை முயன்று பார்த்தவர்கள் சொல்லுங்கள். பள்ளிக்கு போன் கொண்டுவர அனுமதி இல்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.


பழைய டெஸ்க் | ஞாயிறு, இரவு 10.45

டீச்சர், நாகர்கோவிலில் ஒரு நாளிதழ் டெஸ்க்கில், அதாவது வருகிற செய்தியைத் திருத்துகிற மேசையில், பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஊர்களிலிருந்து எழுதும் பகுதிநேர நிருபர்கள் (ஸ்ட்ரிங்கர்கள்) அனுப்பும் செய்திக் காப்பியே பாதி நாள் இப்படித்தான் இருக்கும், "போற்றுவோம்" மட்டும்தான் இருக்காது. அதனால் பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எழுதச் சொல்லிக் கொடுப்பதைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். கோளாறு இருப்பது கேள்வியில். "சிரமங்கள் யாவை" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "சிரமந்தான் மக்ளே, என்ன செய்ய" என்றுதான் சொல்வார்கள். அதை வைத்து எந்தக் கொம்பனாலும் செய்தி எழுத முடியாது.

பொதுவாக என்ன நடக்கும் என்று கேட்கக் கூடாது, கடைசியாக என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். "மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்" வேண்டாம். "முந்தாநாள் ராத்திரி மழை கொட்டிச்சே, நேத்து காட்டுக்குப் போனீங்களா அக்கா? பட்டை நனைஞ்சிருந்தா என்ன ஆகும்? போகாத நாளைக்குக் கூலி உண்டா? அப்போ நேத்து என்ன செய்தீங்க?" எல்லாமே சின்னக் கேள்வி. பதிலுக்கு யாரும் மூளையைக் கசக்க வேண்டாம், நேற்று நடந்தது நாக்கு நுனியிலேயே இருக்கும்.

அப்புறம், "காட்டுங்க" என்று கேட்கப் பழக்குங்கள். பால்வெட்டுக் கத்தியைக் காட்டுங்க, நெற்றியில் கட்டுகிற லைட்டைக் காட்டுங்க, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்) எங்கே சேர்த்து வச்சிருக்கீங்க. கையில் பொருள் வந்தால் வாய் தானாகத் திறக்கும். கத்தியை எடுத்த கையோடு "இது தேஞ்சு போச்சு, புதுசு வாங்கணும்" என்பார். எவ்வளவு, யார் வாங்கித் தருவார் என்று அடுத்த கேள்வி அங்கேயே கிடக்கிறது.

அந்த "அடுத்த கேள்வி"யில்தான் எல்லாம் இருக்கிறது. எழுதிக்கொண்டு போன பத்துக் கேள்வியையும் வரிசையாகக் கேட்டு முடித்தால் அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வகுப்பில் இப்படி ஒரு பயிற்சி வையுங்கள்: ஒருவர் பதில் சொல்வார், கேட்பவர் அந்தப் பதிலில் வந்த ஏதாவது ஒன்றைப் பிடித்துத்தான் அடுத்த கேள்வி கேட்கலாம். தாவக் கூடாது. முதல் ஆளாக நீங்களே நாற்காலியில் உட்காருங்கள். "நேத்து ஸ்கூல் விட்ட பிறகு என்ன செய்தீங்க டீச்சர்" என்று ஆரம்பிக்கட்டும். பிள்ளைகளுக்கு அதைவிடக் குஷி வேறு கிடையாது.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறும் எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கும். நல்லதுதான். ஆனால் அதைக் கேள்வித்தாளாகக் கொடுத்து அனுப்பினால் மறுபடி "யாவை, யாது" கதைதான். திரும்பி வந்த பிறகு, நோட்டில் இந்த ஆறும் விழுந்திருக்கிறதா என்று டிக் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "எப்போது" அநேகமாக விட்டுப்போயிருக்கும், பாருங்கள்.

எழுத்துக்கு வந்தால், முக்கியமானது மேலே, அவ்வளவு முக்கியமில்லாதது கீழே. தலைகீழ் பிரமிடு என்று சொல்வோம். அச்சுக் கோர்த்த காலத்தில் பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். இதைக் கரும்பலகையில் முக்கோணம் போட்டு விளக்கினால் ஒருத்தருக்கும் ஏறாது. கையில் கத்தரிக்கோலைக் கொடுங்கள். கடைசிப் பத்தியை வெட்டச் சொல்லுங்கள். மிச்சம் தனியே நிற்கிறதா? அதற்கு மேலுள்ள பத்தியையும் வெட்டு. முதல் பத்தி மட்டும் மிஞ்சும்போதும் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். அந்த ரப்பர் கட்டுரையை இப்படி வெட்டினால் மிஞ்சுவது "முக்கியத் தொழில்களுள் ஒன்றாகும்". பிள்ளையே சிரித்துவிடும்.


பாடம் முடியல | திங்கள், காலை 6.30

எல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. இருக்கிற பாடத்தையே டிசம்பருக்குள்ள முடிக்க வழியில்ல. பேட்டிக்கு எத்தனை மார்க்?


வேளிமலை டீச்சர் | திங்கள், இரவு 8.05

மார்க் கிடையாது சார். அதனால்தான் ஒன்பதாவதோடு நிறுத்திக்கொண்டேன், பத்தாம் வகுப்பைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் எப்படியும் யாரும் கவனிப்பதில்லை.


தொட்டிப்பாலம் | திங்கள், இரவு 9.20

நான் கணக்கு வாத்தியார். தமிழ் டீச்சர் திண்ணையில் வந்து உட்காருவதற்கு மன்னிக்கணும், ஆனால் செய்தியில் பாதி கணக்குதான்.

கால்வாய்த் தண்ணீரைப் பள்ளத்தாக்குக்கு மேலே கொண்டுபோகிற மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளையும் இணையத்தைப் பார்த்து எழுதும். ஓர் இடத்தில் நீளம் ஒரு கிலோமீட்டர் என்று இருக்கும், இன்னோர் இடத்தில் ஆயிரத்து இருநூறு அடிச் சொச்சம் என்று இருக்கும். 1,200 அடி என்றால் 366 மீட்டர். ஒரு கிலோமீட்டரில் பாதிகூட வராது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்று கண்டுபிடிக்க நிருபர் ஆக வேண்டாம், ஏழாம் வகுப்புக் கணக்கு போதும். பிறகு பாலத்துக்கே கூட்டிப் போய் நடக்க விடுங்கள். அந்தக் கரை போய்த் திரும்பி வந்தவன் எவனும் ஒரு கிலோமீட்டர் என்று எழுத மாட்டான்.

அணைச் செய்தியும் அப்படித்தான். மழைக்காலத்தில் தினமும் "பேச்சிப்பாறை நீர்மட்டம் 42 அடி, பெருஞ்சாணி 70 அடி" என்று போடுகிறார்கள். பேச்சிப்பாறையின் உயரம் 48 அடி, பெருஞ்சாணி 77 என்பது தெரியாதவருக்கு இதில் எது நிறையப் போகிறது என்று எப்படிப் புரியும்? எண் எழுதினால் பக்கத்தில் இன்னொரு எண் வேண்டும்.

பெரியவர்களிடம் பழைய கதை கேட்கப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு கழித்தல் கணக்கு சொல்லிக் கொடுங்கள். தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு தாத்தா சொன்னால், உடனே வயதைக் கேட்டுக் கழிக்க வேண்டும். எழுபது வயதுக்காரர் என்றால் அவர் அப்போது பிறக்கவே இல்லை. அப்பா சொல்லிக் கேட்டதைத் தான் பார்த்ததாகவே நம்பிக்கொண்டிருப்பார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. "அப்போ உங்க வீடு எங்க இருந்தது தாத்தா, உங்க அப்பா அன்னைக்கு எங்க போயிருந்தாங்க" என்று மரியாதையாகக் கேட்டால் அவரே சரி செய்துகொள்வார். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அன்றைக்கு விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல். அவர்களைக் கேட்டு எழுத இதுதான் சமயம்.


கரைமடி | செவ்வாய், மதியம் 2.15

டீச்சருக்கு வணக்கம். முட்டத்துக்குப் பக்கத்துக் கரை. கடலுக்குப் போறவன். எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்கிடணும்.

பேட்டி எடுக்க வாறவங்களப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கும் வந்தாங்க, 2017 நவம்பர் 30 ஓகிப் புயலுக்கும் வந்தாங்க. ஆழ்கடலுக்குப் போன ஆளுங்க திரும்பி வராம தூத்தூர் பக்கத்துக் கரையெல்லாம் கடலப் பாத்துக்கிட்டு நிக்கும்போது, ஒரு வீட்டுல போய் "உங்க மகன் வருவான்னு நம்புறீங்களா"ன்னு கேட்டான் ஒருத்தன். அந்தம்மா ஆமான்னு சொன்னாலும் அழணும், இல்லன்னு சொன்னாலும் அழணும். அவனுக்கு வேண்டியது அழுகதான். உங்க பிள்ளைகளுக்கு வேற எதையும் சொல்லிக் குடுக்காட்டியும் இதச் சொல்லிக் குடுங்க.

எண்ணிக்கையும் அப்படித்தான். ஓகியில எத்தன பேரு போனாங்கன்னு அரசாங்கம் ஒரு கணக்கு சொல்லிச்சு, எங்க கோயில் பங்குகள்ல பேரு பேரா எழுதின பட்டியல் வேற மாதிரி இருந்துச்சு. யாரு சொன்ன எண்ணுன்னு சேத்து எழுதாம வெறும் எண்ண மட்டும் போட்டவங்களால எங்களுக்குள்ள எவ்வளவு சண்ட.

கரைக்கு வரணும்னா ஏலம் நடக்கும்போது வரக் கூடாது. அப்ப யாரு கேட்டாலும் எரிஞ்சுதான் விழுவோம். ஞாயித்துக்கிழம கடலுக்குப் போக மாட்டோம், வலை கட்டிக்கிட்டு இருப்போம். கை வேலையா இருக்கும், வாய் சும்மா இருக்கும்.

இன்னொண்ணு. மீன்பிடித் தடைக்காலம்னு எழுதினா எந்தத் துறைமுகம்னு கேட்டு எழுதணும். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடல் கணக்கு, ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கடல் கணக்கு, ஜூன் 1லேருந்து ஜூலை 31. ஒரே மாவட்டத்துக்குள்ள ரெண்டு. அதுவும் விசைப்படகுக்குத்தான். "குமரி மாவட்ட மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை"ன்னு பேப்பர்ல படிச்சுக்கிட்டே நாங்க நாட்டு வள்ளத்தத் தள்ளியிருக்கோம்.


பழைய டெஸ்க் | செவ்வாய், இரவு 10.30

கரைமடி அண்ணாச்சி சொன்னதற்கு மேல் டெஸ்க்கில் உட்கார்ந்தவன் சொல்ல ஒன்றுமில்லை. "யார் சொன்னது" என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதுவது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அதில்தான் அதிகம் வழுக்குவார்கள்.

யூடியூப் பையன்களுக்கு ஒரு வேலை கொடுங்கள் டீச்சர். 2021 டிசம்பரில் குளச்சல் பஸ் நிலையத்தில், மீன் விற்கிற ஓர் அம்மா தன்னை அரசுப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று சத்தம் போட்ட வீடியோ ஞாபகம் இருக்கும். முதலமைச்சரே கண்டித்தார், நடவடிக்கையும் வந்தது. அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்கு நீ நிருபராக இருந்தால் யாரிடமெல்லாம் போய்க் கேட்பாய் என்று பட்டியல் எழுதச் சொல்லுங்கள். அந்த அம்மா, நடத்துனர், டிப்போ அதிகாரி என்று மூன்றோடு நிறுத்துவார்கள். அதே பஸ்ஸில் தினமும் கூடையோடு ஏறும் மற்ற அம்மாக்களை விட்டுவிடுவார்கள். இது ஒரு நாள் நடந்ததா, நாள்தோறும் நடப்பதா என்று அவர்களுக்குத்தான் தெரியும். மைக்கைப் பிடித்துப் பேசுகிற பையனுக்கு, தான் கேட்க வேண்டிய ஆள் கேமராவுக்கு வெளியே நிற்கிறார் என்று புரிந்தால் போதும்.


வேளிமலை டீச்சர் | சனி, மாலை 5.40

நாற்காலிப் பயிற்சி நடந்தது. நான் நேற்று மாலை என்ன செய்தேன் என்பதில் ஆரம்பித்து, என் மாமியார் ஏன் மீன் குழம்பில் மாங்காய் போட மாட்டார் என்பதில் வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என் குடும்ப மானம் கப்பலேறியிருக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான், ஆனால் அன்றைக்குப் பேசியது எப்போதும் பின்பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளைகள். கேள்வியைத் தயாரிக்க வேண்டாம், பதிலைக் கவனித்தால் போதும் என்றதும் அவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. மைக் பையன்கள்தான் திணறினார்கள்.

ரப்பர் கட்டுரைப் பிள்ளை மறுபடி அந்த அக்காவிடம் போய் வந்தாள். இது இரண்டாவது காப்பி:

"நான்கு நாள் மழை: நான்கு நாளும் கூலி இல்லை

கடந்த வாரம் நான்கு நாள் தொடர்ந்து மழை பெய்ததால் எங்கள் ஊர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நடக்கவில்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை என்று 17 வருடமாகப் பால் வெட்டும் பெண் தொழிலாளி ஒருவர் கூறினார்.

'பட்டை நனைஞ்சா பால் சிரட்டையில விழாது. மரத்து மேலேயே வழிஞ்சி போவும்' என்றார் அவர்.

மழை இல்லாத நாளில் அவர் அதிகாலை 3 மணிக்கு எழுகிறார். நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு 300 மரம் வெட்டுகிறார். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தொடங்க வேண்டும்.

மழைக்காலத்திலும் பால் வெட்டுவதற்காக மரத்தில் பிளாஸ்டிக் கட்டுவது உண்டு. அவர் வேலை செய்யும் தோட்டத்தில் இந்த வருடம் கட்டவில்லை. ஏன் என்று முதலாளியிடம் கேட்க வேண்டும்."

கடைசி வரி தனக்காக எழுதி வைத்த குறிப்பாம், தெரியாமல் காப்பியில் சேர்ந்துவிட்டது. எனக்கு அதை அடிக்க மனசே வரவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். "என் பேரப் போட்டிராத மக்ளே, தோட்டத்துல நிக்க விட மாட்டாவ" என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார். பேரைப் போடவில்லை. அவ்வளவு போதுமா?


வடசேரி வக்கீல் | சனி, இரவு 7.15

போதாது டீச்சர். பெண், 17 வருஷ அனுபவம், 300 மரம், இந்த வருஷம் பிளாஸ்டிக் கட்டாத தோட்டம். ஊரில் இது யார் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பெயர் மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது. போதாக்குறைக்கு எழுதிய பிள்ளையின் பெயர் கீழே இருக்கும், அவள் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்று முதலாளிக்குத் தெரியாதா?

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஊரில் கேட்கப் போனால் சில நேரம் கேட்கக் கூடாததும் காதில் விழும். ஒரு சிறுமிக்கோ சிறுவனுக்கோ கொடுமை நடந்தது என்று தெரிந்தால் அது செய்தி ஆகக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும், 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கின்றன. நாலு பக்க ஜெராக்ஸ் தாள்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. அப்படி ஏதாவது கேள்விப்பட்டால் எழுதாமல் நேரே டீச்சரிடம் சொல்ல வேண்டும், டீச்சர் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லி வையுங்கள்.


பழைய டெஸ்க் | சனி, இரவு 9.50

வக்கீல் சார் சொல்வது சரி. 17 வருடத்தை எடுங்கள், 300ஐ எடுங்கள். "பெண்" கூடத் தேவையில்லை, "தொழிலாளி ஒருவர்" போதும். எழுதியவர் பெயருக்குப் பதில் "ஒன்பதாம் வகுப்புச் செய்திக் குழு" என்று போடுங்கள்.

அந்தப் பிள்ளை முதலாளியிடம் போய் "உங்க தோட்டத்தில ஏன் பிளாஸ்டிக் கட்டலை" என்று கேட்டால் யார் சொன்னது என்று அடுத்த நொடியே தெரிந்துவிடும். கேட்காமலும் விட முடியாது, எதிர்த்தரப்பு இல்லாத செய்தி பாதிச் செய்திதான். நான் என்ன செய்வேன் என்றால், ஊரில் நாலைந்து தோட்டக்காரர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: இந்த மழைக்கு உங்க தோட்டத்தில பிளாஸ்டிக் கட்டினீங்களா, மரத்துக்கு என்ன செலவு ஆகுது? செலவு கட்டுபடியாகவில்லை என்று அவர்களும் நியாயம் சொல்லக்கூடும். ரப்பர் விலை அவர்களையும்தானே அடிக்கிறது. அப்போது ஒரு தொழிலாளியின் குறையாக இருந்தது ஊர்ச் செய்தியாகிவிடும், அந்த அக்காவும் கூட்டத்தில் ஒருவராகிவிடுவார்.


தொட்டிப்பாலம் | சனி, இரவு 10.05

நல்ல யோசனை. எழுதி முடித்ததை அச்சுக்கு முன்னால் அந்த அக்காவிடமே காட்டிவிட்டால் என்ன? பள்ளித் தாள்தானே, மனஸ்தாபம் வராது.


பழைய டெஸ்க் | சனி, இரவு 10.20

முழுக் காப்பியையும் யாரிடமும் காட்டக் கூடாது என்பது என் கட்சி. இன்றைக்கு அக்காவிடம் காட்டினால் நாளைக்குப் பஞ்சாயத்துத் தலைவர் "எனக்கும் காட்டு" என்பார், அவர் திருத்தித் தருவது செய்தியாக இருக்காது, வாழ்த்துரையாக இருக்கும்.


வேளிமலை டீச்சர் | சனி, இரவு 10.40

சார், தலைவரும் அந்த அக்காவும் ஒன்றா? தலைவருக்குப் பத்திரிகை என்றால் என்ன என்று தெரியும். அந்த அக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசினார், அவ்வளவுதான். தான் சொன்னது தாளில் எப்படித் தெரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் காட்டத்தான் போகிறேன்.


பழைய டெஸ்க் | சனி, இரவு 11.00

தாளைக் கொடுக்காதீர்கள், வாசித்துக் காட்டுங்கள். அவர் சொன்ன மேற்கோளையும் அவரைப் பற்றிய விவரத்தையும் மட்டும் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். "நான் அப்படிச் சொல்லல" என்றால் திருத்துங்கள். "சொன்னேன், ஆனா போடாத" என்றால், வேலைக்கு ஆபத்து என்கிற ஆளிடம் நான்கூடப் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். தலைவர் சொன்னால் பிடிப்பேன். இந்த அளவுக்கு இறங்கி வருகிறேன், இதற்குக் கீழே வர மாட்டேன்.


வேளிமலை டீச்சர் | சனி, இரவு 11.10

சரி சார். வாசித்தே காட்டுகிறோம்.


ஊடக மாணவி | ஞாயிறு, காலை 11.30

சென்னையில் இதழியல் படிக்கிறேன், ஊர் கருங்கல் பக்கம். எனக்கு உதவிய இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

போன் இல்லாதது நல்லதுதான் டீச்சர். ரெக்கார்ட் செய்தால் காது தூங்கிவிடும். நோட்டில் எல்லாவற்றையும் எழுத முடியாது என்பதால் எது முக்கியம் என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும். பேட்டி முடிந்ததும் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து விட்டுப்போனதையெல்லாம் எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் என்றால் பாதி மறந்துவிடும். மேற்கோள் குறிக்குள் வருவது அவர் பேசும்போதே எழுதியதாக மட்டும் இருக்க வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதுவதைக் குறி போடாமல் எழுதலாம்.

இன்னொன்று, பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணுவது. எதிரில் இருப்பவர் அந்த இடைவெளியை நிரப்பத் தானாக ஏதாவது சொல்வார். பல சமயம் அதுதான் தலைப்பாகும்.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. "வழிஞ்சி போவும்" என்று பேச்சுத்தமிழிலேயே விட்டிருக்கிறீர்கள். கலெக்டர் பேசினால் அவர் பேச்சைச் சுத்தத் தமிழாக்கிவிட்டு, தொழிலாளி பேச்சை மட்டும் அப்படியே போடுவது சரியா?


வேளிமலை டீச்சர் | ஞாயிறு, இரவு 8.00

நியாயமான கேள்வி. எங்கள் ஹெச்.எம். பேட்டியில் அவர் சொன்ன "அதொண்ணும் பிரச்சின இல்ல, பாத்துக்கிடலாம்" என்பதும் அப்படியேதான் வருகிறது. அவர் இன்னும் பார்க்கவில்லை.

வேறு ஒரு அவசரம். பள்ளிக்கு எதிரில் உள்ள ஸ்டாப்பில் சாயங்காலம் பஸ் நிற்பதில்லை என்று ஒரு குழு எழுதுகிறது. போன வாரம் முழுக்க நின்று, எந்த பஸ் எத்தனை மணிக்கு நிற்காமல் போனது என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள் (தொட்டிப்பாலம் சார், உங்கள் புண்ணியம்). டிப்போவுக்கும் போனார்கள். பள்ளித் தாளுக்கு எழுதுகிறோம் என்று சொல்லித்தான் கேட்டார்கள், கூட நானும் நின்றேன். அதிகாரி அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, போய்ப் படிங்க பிள்ளைகளா" என்றார். அவ்வளவுதான். பதில் தராத ஆளைப் பற்றி எப்படி எழுதுவது? பிள்ளைகள் கொதித்துப்போய் இருக்கிறார்கள்.


பழைய டெஸ்க் | ஞாயிறு, இரவு 9.15

அவர் பதில் தந்துவிட்டாரே. "இது குறித்து டிப்போ அதிகாரியிடம் செவ்வாய்க்கிழமை கேட்டபோது, 'இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, போய்ப் படிங்க பிள்ளைகளா' என்றார்." கிழமை எதுவோ அதைப் போடுங்கள். யார் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் மேற்கோளாகப் போடத் தடையில்லை. "அலட்சியமாக", "ஆணவமாக" என்று ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. கொதிப்பதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார். மேலே அட்டவணை, கீழே இந்த ஒரு வரி.

அதற்கு முன்னால் அதே கேள்வியை எழுத்தில் ஒரு தரம் கொடுங்கள், எந்தத் தேதிக்குள் பதில் வந்தால் சேர்ப்போம் என்பதையும் எழுதி. பதில் வந்தால் அவருடைய வரியும் வரட்டும், பஸ் பற்றாக்குறை என்று உண்மையான காரணமே இருக்கலாம்.


வடசேரி வக்கீல் | ஞாயிறு, இரவு 9.40

கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால் பெற்றோர் யாராவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடட்டும். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் நிற்பதில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாக ஒரு வரி வரும். அந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டிய பஸ்களின் தடம் எண், நேர அட்டவணையின் நகல் என்று கையில் இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். பிள்ளைகள் போட்ட அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.


வேளிமலை டீச்சர் | ஞாயிறு, இரவு 10.00

கடிதம் நாளைக்கே போகும். மனுவுக்கு பி.டி.ஏ. தலைவரைப் பிடிக்கிறேன். பஸ் செய்தி அடுத்த மாதத் தாளுக்குத் தள்ளிப்போகும் போலிருக்கிறது, காலியான இடத்துக்குக் கரைச் செய்தி ஏதாவது வேண்டும். கரைமடி அண்ணே, அடுத்த ஞாயிறு ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா? நானும் வருவேன்.


கரைமடி | ஞாயிறு, இரவு 10.25

வாங்க டீச்சர். பூச முடிஞ்சு பத்து மணிக்கு மேல வாங்க, ஏலக்கூடத்துக்குத் தெக்கால வலை கட்டிக்கிட்டு இருப்போம். என்னைய மட்டும் கேக்க வேண்டாம், மீன் விக்கப் போற அக்காமாருகிட்டயும் கேக்கச் சொல்லுங்க, அவங்களும் அன்னைக்குத்தான் வீட்டுல இருப்பாங்க. கேள்வி எழுதிக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லியிருங்க.